உப்புக்குள் என்ன நடக்கிறது? வாசகர் கேள்விகள், பதில்கள்

'வேதியியலில் புரியாததை எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தோம். சமையலறை, சலூன், எலக்ட்ரிக்கல் வேலை, பள்ளிக்கூடம் என்று எங்கெங்கிருந்தோ வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கினால், பெரிய கட்டாக நிற்பது ஒரே விஷயத்தைப் பற்றியதுதான்: அயனிப் பிணைப்பு. எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணு அல்லது அணுத்தொகுதிதான் அயனி. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கும், குளோரின் வாங்கத் துடிக்கும், கொடுத்து வாங்கியதும் இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் கிடைத்து நிம்மதியாகிவிடும் என்று படித்தோம். ஆனால் வேறொரு பாடத்தில், சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க ஆற்றல் கொடுக்க வேண்டும் என்று வருகிறது. கொடுக்கத் துடிக்கும் ஒன்றிடம் எதற்குப் பிடுங்க வேண்டும்?
*பிளஸ் ஒன் மாணவி, விருதுநகர்*

இந்த முரண்பாடு உங்கள் கண்ணில் பட்டதே பெரிய விஷயம். பலர் இரண்டு பாடத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எந்தச் சோடியமும் எலக்ட்ரானைக் கொடுக்கத் துடிப்பதில்லை. ஆவி நிலையில் தனித்தனியாக இருக்கும் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அளவு, சுமார் 6 × 10²³) சோடிய அணுக்களிடமிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் செலவாகும். அந்த எலக்ட்ரான்களை ஒரு மோல் குளோரின் அணுக்களிடம் கொடுத்தால் 349 கிலோஜூல்தான் திரும்பி வரும். கைமாற்றத்தில் மட்டும் 147 கிலோஜூல் நஷ்டம். இதோடு நின்றால் உலகத்தில் ஒரு கல் உப்புகூட உருவாகியிருக்காது.

இதை ஒரு கடை தொடங்குகிற கணக்காகப் பார்த்தால் தெளிவாகிவிடும், முதலில் கையைவிட்டுப் போவது எவ்வளவு, பிறகு வருவது எவ்வளவு என்று. திடமான சோடியத்தை ஆவியாக்க 107, குளோரின் மூலக்கூறுகளை உடைத்து ஒரு மோல் அணுக்களாக்க 122, எலக்ட்ரானைப் பிரிக்க 496. மூன்றும் செலவு. குளோரின் தரும் 349 வரவு. கழித்தால், 376 கிலோஜூல் முதல் போட்டாகிவிட்டது, உப்பு இன்னும் வரவில்லை, கையில் இருப்பது ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும் அயனிகள் மட்டும். இப்போது அந்த நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் நெருங்கி வந்து படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 787 கிலோஜூல் வெளியே வருகிறது. இதுதான் படிகக்கூடு ஆற்றல். 376 போக 411 மிச்சம். சோடியத்தைக் குளோரின் வாயுவில் காட்டினால் மஞ்சளாகச் சுடர்விட்டு எரிவதற்குக் காரணம் இந்த மிச்சம்தான்.

ஆக, அயனிப் பிணைப்பு என்பது எலக்ட்ரான் கைமாறிய அந்தக் கணத்தில் இல்லை. கைமாறிய பிறகு, எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் பிடியில் இருக்கிறது. அதுவும் ஒரு சோடியம் ஒரு குளோரினைப் பிடித்திருக்கிற ஜோடிப் பிடி இல்லை. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடிய அயனியைச் சுற்றியும் மேல், கீழ், நான்கு பக்கம் என ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொன்றும் 0.282 நானோமீட்டர் தள்ளி. அதற்கு அடுத்த வட்டத்தில் பன்னிரண்டு சோடிய அயனிகள், இவை விலக்கும். அதற்கு அப்பால் எட்டுக் குளோரைடுகள், இவை மறுபடி இழுக்கும். இப்படி இழுப்பும் தள்ளலுமாகப் படிகம் முழுவதும் கூட்டிக்கொண்டே போனால், அதே தூரத்தில் ஒரே ஒரு ஜோடி நின்றிருந்தால் கிடைத்திருக்கும் இழுப்பைப் போல சுமார் 1.75 மடங்கு வரும். கூட்டத்தில் சேர்ந்தால் பிடி கூடுகிறது. முதல் போட்ட 376-ஐத் திருப்பி எடுத்துக் கொடுப்பது இந்தக் கூட்டுப் பிடிதான்.

எட்டு எலக்ட்ரான் கணக்கு அப்படியானால் பொய்யா என்றால், பொய் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைத் தொட்டால் செலவு ஒரே தாவலில் 4562 கிலோஜூல் ஆகிவிடும், எந்தப் படிகக்கூடும் அதை ஈடுகட்டாது, அதனால் சோடியம் ஒன்றோடு நிற்கிறது. ஆனால் 'எட்டு வேண்டும் என்பதற்காகவே எல்லாம் நடக்கிறது' என்று எடுத்துக்கொண்டால் மெக்னீசியம் ஆக்சைடில் மாட்டிக்கொள்வோம். ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது ஆற்றல் வெளிவருகிறது, சரி. இரண்டாவதை வைக்கப் போனால் ஏற்கெனவே எதிர்மின்சுமையோடு இருக்கும் அது எலக்ட்ரானைத் தள்ளுகிறது, வலுக்கட்டாயமாக ஆற்றல் கொடுத்துத்தான் வைக்க வேண்டும். எட்டு நிறைந்த அந்த ஆக்சைடு அயனி வெட்டவெளியில் தனியாக நிற்கவே நிற்காது. படிகத்துக்குள் சுற்றிலும் மெக்னீசிய அயனிகள் இருந்தால்தான் நிற்கும். இரட்டை மின்சுமை இரட்டை மின்சுமையை இழுப்பதால் அங்கே படிகக்கூடு ஆற்றல் சுமார் 3800 கிலோஜூல், உப்பைப் போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. உருகுநிலையிலும் இது தெரியும்: உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, மெக்னீசியம் ஆக்சைடு 2850 டிகிரிக்குப் பக்கத்தில். சேலம் சுண்ணாம்பு மலையில் வெட்டும் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைச் சுட்டு உலைச் செங்கல் செய்வது இதற்காகத்தான்.

தேர்வில் வழக்கமான விடையையே எழுதுங்கள், கூடவே படிகக்கூடு ஆற்றலைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'ஒரு உப்பு மூலக்கூறு' என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, உப்பில் மூலக்கூறே கிடையாது என்று இணையத்தில் படித்ததாகச் சொன்னான். யார் சரி?
*ஆசிரியர், திருவண்ணாமலை*

மாணவன்தான் சரி ஐயா, அவனைப் பாராட்டுங்கள். படிகத்துக்குள் போய், இந்தச் சோடியத்துக்கு உரிய குளோரின் எது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆறு பக்கமும் ஒரே தூரத்தில் ஆறு குளோரைடுகள் நிற்கின்றன, அந்த ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியங்கள். வாய்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதுவது மொத்தக் கணக்கின் விகிதம், அவ்வளவே. அதனால்தான் மூலக்கூறு நிறை என்று சொல்லாமல் வாய்பாட்டு நிறை என்று சொல்கிறோம்.

இது பெரியவர்களுக்கே ஜீரணமாகாத விஷயமாக இருந்தது என்பதையும் அந்த வகுப்பில் சொல்லலாம். லாரன்ஸ் பிராக் 1913-இல் எக்ஸ் கதிர்களை வைத்து உப்பின் உள் அமைப்பைக் கண்டுபிடித்தார், 1915-இல் தன் தந்தை வில்லியம் பிராக்கோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார், அப்போது அவருக்கு வயது 25. ஆனாலும் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கிலேய வேதியியலாளர் 1927-இல் நேச்சர் இதழுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகைக் கட்டம்போல மாறி மாறி நிற்கின்றன, மூலக்கூறு என்று எதுவும் இல்லை என்பது பகுத்தறிவுக்கே ஒவ்வாதது என்பது அவர் வாதம். படிகம் அவர் பக்கம் பேசவில்லை. ஆனால் மூலக்கூறு என்ற கருத்தைக் கட்டியெழுப்பிய தலைமுறை அதை விட்டுக்கொடுக்க எவ்வளவு சிரமப்பட்டது என்பதை அந்தக் கடிதம் காட்டுகிறது, அதனால் எனக்கு ஆம்ஸ்ட்ராங் மீது மரியாதைதான்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உப்பை மிக அதிக வெப்பத்தில் ஆவியாக்கினால் அந்த ஆவியில் சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியாகத் திரிகின்றன, இடைவெளியும் 0.236 நானோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அங்கே மட்டும் 'உப்பு மூலக்கூறு' என்று தாராளமாகச் சொல்லலாம்.

நான் எலக்ட்ரீஷியன். எர்த் குழிக்குள் உப்பும் கரியும் போட்டு நிரப்புகிறோம், கோடையில் தண்ணீரும் ஊற்றச் சொல்கிறோம். உப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்றால் தண்ணீர் எதற்கு? என் மகளின் புத்தகத்தில் உப்பு மின்சாரத்தைக் கடத்தாது என்றும் இருக்கிறது, கடத்தும் என்றும் இருக்கிறது.
*வாசகர், திருப்பூர்*

புத்தகத்தில் இருக்கும் இரண்டும் உண்மை, நீங்கள் செய்யும் வேலையே அதற்கு நல்ல செய்முறை விளக்கம்.

செம்புக் கம்பியில் மின்சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எலக்ட்ரான். உப்பில் அப்படி ஓடக்கூடிய எலக்ட்ரான் இல்லை, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அயனியில் கட்டுண்டு கிடக்கிறது. மின்சுமை உள்ள அயனிகள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் காய்ந்த உப்பில் அவை அடுக்கிவைத்த இடத்தைவிட்டு அசைய முடியாது. அதனால் காய்ந்த கல் உப்பு கிட்டத்தட்ட முழுமையான மின்காப்பான். தண்ணீர் பட்டதும் கதை மாறுகிறது. அயனிகள் கழன்று தண்ணீருக்குள் மிதக்கின்றன, நேர்மின் அயனி ஒரு பக்கமும் எதிர்மின் அயனி மறுபக்கமும் நகர்கின்றன, மின்சாரம் பாய்கிறது. தண்ணீர் வேண்டாம், 801 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கினாலும் போதும், அதே வேலை நடக்கும். ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1807-இல், இன்னொரு அயனிச் சேர்மமான காஸ்டிக் சோடாவை உருக்கி அதற்குள் மின்சாரத்தைப் பாய்ச்சித்தான் முதன்முதலில் சோடிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார்.

இதனால்தான் கோடையில் குழி காய்ந்துபோனால் எர்த் டெஸ்டரில் ஓம் ஏறுகிறது. உப்பு அங்கேயேதான் இருக்கும், நகர வழியில்லாமல் இருக்கும். கரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தானும் ஓரளவு கடத்துகிறது. இதில் ஒரு குறையும் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும்: அதே உப்பு நீர்தான் ஜிஐ பைப்பை அரிக்கிறது, மழைக்கு மழை உப்பு கரைந்து மண்ணுக்குள் இறங்கியும் விடுகிறது. பென்டோனைட் களிமண் கலந்த கலவைக்குப் பலர் மாறுவது இதனால்தான், அந்தக் களிமண் ஈரத்தைத் தானே பிடித்துவைக்கும், அரிப்பும் குறைவு.

உங்கள் தொழிலிலிருந்தே இன்னொன்றும் சொல்கிறேன். கெய்சர் காயில் ஒன்று பழுதானால் தூக்கிப்போடுவதற்கு முன் ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், வெளியே உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையில் வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அது மேலே சொன்ன மெக்னீசியம் ஆக்சைடு. கம்பி செக்கச்சிவந்து காய்ந்தாலும் அது உருகாது, அயனிகள் நகராததால் மின்சாரத்தை வெளிக் குழாய்க்கு விடாது, ஆனால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். இந்த மூன்று குணமும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். வெளிக் குழாயில் மயிரிழை விரிசல் விட்டு ஈரம் உள்ளே இறங்கிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும், தண்ணீரைத் தொட்டால் ஷாக் அடிக்கும், மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் ட்ரிப் ஆகும். அப்படி ட்ரிப் ஆகும் காயிலைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் தயவுசெய்து உறுதியாக மறுத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கல் உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. பாக்கெட் தூள் உப்பு அவ்வளவாகக் கசிவதில்லை. இரண்டும் கடல் உப்புதானே?
*இல்லத்தரசி, நாகப்பட்டினம்*

இரண்டும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், ஆனால் கசிவதற்குக் காரணம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த மெக்னீசியம் குளோரைடு.

தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதைப் பார்த்தால் இது எப்படி ஒட்டுகிறது என்று விளங்கும். அங்கே கடல்நீரைவிட, நிலத்தடியில் இருக்கும் உப்புநீரை இறைத்துத்தான் நிறைய உற்பத்தி நடக்கிறது. நீர் வெயிலில் வற்ற வற்ற எல்லா உப்பும் ஒரே நேரத்தில் பிரிந்துவிடாது. முதலில் கால்சியம் கார்பனேட், அப்புறம் ஜிப்சம், அதன் பிறகுதான், கடல்நீராக இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின், சோடியம் குளோரைடு படியத் தொடங்கும். மெக்னீசிய உப்புகள் எளிதில் படியாது, கடைசி வரை அடிநீரில் தங்கும். வாயில் வைத்தால் கசக்கும் அந்த நீரை நேரத்தோடு வடித்துவிட வேண்டும். நீரின் அடர்த்தியை போமே அளவியில் பார்த்து, 25 டிகிரிக்குப் பக்கத்தில் உப்புப் பாத்திக்கு விட்டு, 29, 30 வரும்போது வடித்துவிடுவார்கள். வடிக்கத் தாமதித்தால் உப்பு கூடுதலாக வரும், ஆனால் மெக்னீசியமும் கூடவே வரும். எடுத்த உப்பை உடனே மூட்டை கட்டாமல் மேடாகக் குவித்து விட்டுவைப்பதும் இதற்கு உதவும், ஒட்டியிருக்கும் கசப்பு நீர் மெல்ல இறங்கி ஓடிவிடும். வெயிலில் நின்று அந்த உப்பை வாரிக் குவிப்பவர்களின் கால் தோலும் கண்ணும் படும் பாட்டை ஒருமுறை பார்த்தவர்களுக்கு உப்பைச் சிந்த மனம் வராது.

சரி, மெக்னீசியம் மட்டும் ஏன் தண்ணீரை இழுக்கிறது? மெக்னீசிய அயனி சோடிய அயனியைவிடச் சிறியது, மின்சுமையோ இரண்டு மடங்கு. சிறிய இடத்தில் அதிக மின்சுமை என்றால் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கத்தை மிக வலுவாக இழுக்கும். ஒரு மோல் சோடிய அயனியைத் தண்ணீர் சூழும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 400 கிலோஜூல், மெக்னீசியத்துக்கோ 1900-க்கும் மேல். அதனால் தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரமாகிக் கரையத் தொடங்கும், மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே தொடங்கிவிடும். கார்த்திகை மாத நாகப்பட்டினத்தில் காற்று 75-ஐ அநாயாசமாகத் தாண்டும், அப்போது தூய உப்பும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பாக்கெட் உப்பில் மெக்னீசியத்தைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள், கட்டி பிடிக்காமல் இருக்க வேறு பொருளும் சிறிதளவு சேர்க்கிறார்கள்.

வாணலியில் வறுத்து வைத்தால் ஈரம் போகும், மெக்னீசியம் போகாது, எனவே சில நாளில் மறுபடி கசியும். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொள்வதுதான் உண்மையில் பலன் தரும். ஈரக் கையை உள்ளே விடவே விடாதீர்கள்.

அயனிச் சேர்மங்களின் உருகுநிலை மிக அதிகம் என்கிறார்கள். படிகாரமும் அயனிச் சேர்மம்தான். ஆனால் எங்கள் அம்மா புண்ணுக்கு மருந்து செய்ய இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினால் உடனே தண்ணீராக உருகிவிடுகிறதே?
*சலூன் நடத்துபவர், கும்பகோணம்*

கரண்டியில் இருப்பது உருகிய அயனிச் சேர்மம் இல்லை, தன் தண்ணீரில் தானே கரைந்த படிகாரம்.

படிகாரத்தில் பொட்டாசியம், அலுமினியம், சல்ஃபேட் அயனிகளோடு, ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் 12 தண்ணீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள்ளேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. எடையில் 45 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கையில் எடுத்தால் கல் மாதிரி காய்ந்திருக்கும் ஒன்று கிட்டத்தட்டப் பாதி தண்ணீர்! 92 டிகிரியைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் பிடியிலிருந்து விடுபடுகிறது, அயனிகள் அதிலேயே கரைந்துவிடுகின்றன. அடுப்பைவிட்டு எடுக்காமல் இன்னும் காட்டுங்கள்: நுரைக்கும், கொதிக்கும், பொங்கி எழும், கடைசியில் லேசான வெள்ளைப் பொரியாகக் கரண்டியில் நிற்கும். அதற்குப் பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் வீட்டு அடுப்பில் அது உருகாது.

சவரம் செய்த இடத்தில் படிகாரம் தேய்த்தால் ரத்தம் நிற்பதற்கும் இந்த அயனிகள்தான் காரணம். மூன்று நேர்மின்சுமை உள்ள அலுமினிய அயனி ரத்தப் புரதங்களைத் திரள வைக்கிறது. கலங்கல் நீரில் படிகாரத்தைச் சுற்றினால் தெளிவதும் ஏறக்குறைய அதே வழியில்: களிமண் துகள்கள் எதிர்மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, அலுமினியம் அந்தச் சுமையைத் தணித்துவிடுகிறது, துகள்கள் ஒட்டிக் கனத்துக் கீழே இறங்குகின்றன. ஒரே கல்லை ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், ரத்தத்தால் பரவும் நோய்களுக்கு அது வழி. பொடியாக வைத்து, ஆளுக்குப் புதிய பஞ்சில் தொட்டு வைத்தால் நல்லது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதையும் செய்து பாருங்கள். படிகாரம் 20 டிகிரி தண்ணீரில் 100 மில்லிக்குச் சுமார் 14 கிராம் கரையும், 50 டிகிரியில் சுமார் 37 கிராம். சுடுநீரில் முடிந்த மட்டும் கரைத்து, நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அசையாமல் ஆறவிட்டால், எட்டு முகம் கொண்ட அழகான படிகம் வளரும். சமையல் உப்பில் இந்த வழி எடுபடாது. அது குளிர்ந்த நீரில் 36 கிராம், கொதிநீரில் 39 கிராம் அளவுக்குத்தான் கரைகிறது, ஆறவைத்தால் பிரிவதற்கு ஒன்றும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் தண்ணீரை வற்றவைத்தே ஆக வேண்டும், உப்பளத்துக்கு வெயில் தேவைப்படுவது அதனால்தான்.

இந்துப்பைச் சுத்தியலால் தட்டினால் கட்டம் கட்டமாக உடைகிறது. இரும்பைத் தட்டினால் நசுங்குகிறது. ஏன்?
*வாசகர், சேலம்*

இரும்பில் அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கினாலும் பொதுவாக ஓடும் எலக்ட்ரான்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். உப்பில் ஒரு வரிசை ஓர் அயனி அளவுக்கு நகர்ந்தால் போதும், அதுவரை நேர்மின்சுமைக்கு எதிரே எதிர்மின்சுமை இருந்த இடத்தில் இப்போது நேர்மின்சுமைக்கு எதிரே நேர்மின்சுமை, எதிர்மின்சுமைக்கு எதிரே எதிர்மின்சுமை. இழுத்துக்கொண்டிருந்தவை அந்தக் கணமே தள்ளுகின்றன, படிகம் பிளந்துவிடுகிறது. பிளவு அயனிகளின் அடுக்கை ஒட்டியே போவதால் முகங்கள் செங்கோணத்தில் வருகின்றன. தட்டிய பொடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள், தூளும் சதுர மூலைகளோடுதான் இருக்கும். உப்பளக் கல் உப்பில் வேறொரு அழகு உண்டு: கனசதுரத்தின் விளிம்புகள் நடுப்பகுதியைவிட வேகமாக வளர்வதால், முகத்தின் நடுவில் படிப்படியாக உள்ளிறங்கும் குழி தெரியும்.

எண்ணெயில் உப்பு ஏன் கரைவதில்லை?
*வாசகி, தேனி*

தண்ணீருக்குள் இரண்டு மின்சுமைகளின் இழுப்பு வெற்றிடத்தில் இருப்பதைப் போல எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், கூடவே தண்ணீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு, பிரிப்பதற்கு ஆகும் செலவை ஈடுகட்டும். எண்ணெயில் இந்த இரண்டும் இல்லை. ஊறுகாயில் உப்பு கரைவது மாங்காயின் சாற்றில், நல்லெண்ணெயில் அல்ல.

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம் என்ற விதி எப்போதும் பொருந்துமா?
*கல்லூரி மாணவர், மதுரை*

பெரும்பாலும் பொருந்தும், ஆனால் இரண்டு பக்கமும் மீறல் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், குப்பென்று வெள்ளைப் புகை வரும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. அதில் உலோகமே கிடையாது, நைட்ரஜன், ஹைட்ரஜன், குளோரின் மட்டும், ஆனாலும் அது அயனிச் சேர்மம்தான். நான்கு ஹைட்ரஜனோடு கூடிய நைட்ரஜன் ஒரு தொகுதியாக நேர்மின்சுமை ஏற்று உலோக அயனியின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது, பின்னது பாத்திரத்தின் ஆக்சைடு அழுக்கை அரித்துச் சுத்தம் செய்கிறது, அதன் பிறகே ஈயம் ஒட்டும். மேலே கிளம்பிய இரண்டும் குளிர்ந்த காற்றில் மறுபடி சேர்வதுதான் அந்த வெள்ளைப் புகை.

மறுபக்கம் அலுமினியம் குளோரைடு. உலோகமும் அலோகமும்தான், ஆனால் சுமார் 180 டிகிரியிலேயே பதங்கமாகி, அதாவது திரவமாகாமல் நேரே ஆவியாகி, ஆவியில் இரண்டிரண்டு அலுமினியம் கொண்ட மூலக்கூறாக இருக்கிறது. காரணம், சிறிய உருவத்தில் மூன்று நேர்மின்சுமை கொண்ட அலுமினிய அயனி, பக்கத்தில் இருக்கும் குளோரைடு அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைத்துவிடுகிறது, கொடுத்ததைப் பாதி திரும்பப் பங்குபோட்டுக்கொள்கிறது என்றே சொல்லலாம். 1923-இல் வேதியியலாளர் ஃபஜான்ஸ் சொன்ன விதி இதைப் பற்றியதுதான். எந்தப் பிணைப்பும் நூறு சதவீதம் அயனிப் பிணைப்பாக இருப்பதில்லை, உப்பு உட்பட. எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறது என்பதே கேள்வி.

உருகுநிலை விதிக்கும் விலக்கு இருக்கிறது. வேதியியலாளர் பால் வால்டன் 1914-இல் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டை ஆராய்ந்தபோது அது வெறும் 12 டிகிரியில் உருகியது. முழுக்க முழுக்க அயனிகளால் ஆனது, ஆனாலும் மதுரையின் மார்கழிக் குளிரிலும் திரவமாகவே இருக்கும். அயனிகள் பருத்தும் சீரற்ற வடிவத்திலும் இருந்தால் நெருங்கி அடுக்க முடியாது, பிடி தளர்ந்துவிடும். அயனித் திரவங்கள் என்று இன்று பேட்டரி ஆய்வுகளில் பெரிதாகப் பேசப்படுபவை இந்த வகைதான். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம், இந்தத் துறையில் ஆர்வம் இருந்தால் படிப்பு முடிவதற்குள் அங்கே புராஜெக்ட் செய்ய வாய்ப்பு உண்டா என்று உங்கள் துறைத்தலைவர் மூலமாக எழுதிக் கேளுங்கள்.